வெளிநடப்புத் தமிழ்வாணன்

ஆட்சேபணைக்காரர் என்றொரு இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். எழுந்து போக வசதி. தனக்கு வேண்டியதையே இன்னொருவர் கொடுத்தால், கொடுத்த கை பிடிக்கவில்லை என்று வேண்டாம் என்பார்.

எங்கள் பூந்தமல்லிப் பக்கத்து நகராட்சி ஒன்றில் (பெயர் எதற்கு?) கவுன்சிலர் தமிழ்வாணன் அப்படிப்பட்டவர். மன்றத்தில் இரண்டு அணி, சரிபாதி. ஓர் அணி எழுந்து போனால் கூட்டம் நடத்த ஆள் போதாது. சந்தைத் தெருவின் கால்வாய்ப் பாலம் மழையில் இடிந்தபோது, புதிதாகக் கட்ட எதிரணி தீர்மானம் கொண்டுவந்தது. தமிழ்வாணன் மேசையைத் தட்டினார், துண்டை உதறினார், தன் அணியோடு வெளியே போனார். அடுத்த கூட்டத்தில் அதே தீர்மானத்தை அவரே கொண்டுவந்தார். எதிரணி வெளியே போனது.

போய் என்ன செய்வார்கள்? எதிரே, அதே சந்தைத் தெருவில், வேம்புலியம்மாள் டிபன் கடையில் இரு அணியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்பார்கள்.

அந்தக் கடையில் வேறு யாரும் இல்லை. பாலம் இடிந்ததிலிருந்து காய்கறி லாரிகள் சென்னீர்குப்பம் வழியாகச் சுற்றிப் போயின. கம்பெனிப் பஸ் தெருவுக்குள் வருவதே இல்லை. பக்கத்து வெல்டிங் பட்டறைக்குப் பூட்டு. கடையில் மாவரைத்த பூங்காவனம், கூலி கிடைக்காமல் நசரத்பேட்டைப் பக்கம் ஒரு கேன்டீனுக்குப் போய்விட்டாள். அன்று கை வலிக்கத் தானே அரைத்த வேம்புலியம்மாளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. தமிழ்வாணனைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா அண்ணாத்தே, பாலம் வேணுமா வாணாமா?"

"வேணும்மா. அவனுங்க கொண்டாந்த தீர்மானந்தான் வாணாம்."

"அவுங்களும் அத்தயேதானே சொல்றாங்கோ!"

"பாத்தியா? எங்களக் காப்பி அடிக்கிறானுங்க!"

அவள் சட்டென்று அடுப்பை அணைத்தாள். "நல்லாக் கேட்டுக்கோங்க. பாலம் பாஸாகிற வரைக்கும் எந்தக் கட்சிக்கும் வடை கெடயாது. வெளிநடப்பு பண்றவங்கோ அப்டியே ஊட்டுக்கு நடந்துடுங்க!"

அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் வெறும் வயிற்றோடு வந்தார்கள். தலைவர் பத்மா தீர்மானத்தைப் படிக்கும்போதே கைகள் உயர்ந்தன; தமிழ்வாணனின் கைதான் முதலில். நகராட்சி வரலாற்றில் முதல்முறையாக ஒருமனதான தீர்மானம்!

எல்லோரும் கைதட்டி முடிக்கும்முன் தமிழ்வாணன் துண்டை உதறி எழுந்தார்.

"நீங்களுந்தானே கை தூக்குனீங்க? அப்புறம் எதுக்கு வெளிநடப்பு?" என்றார் பத்மா.

"இந்தத் தீர்மானத்த எதிர்க்க ஒருத்தர்கூட இல்லையே, அதக் கண்டிச்சு!"

பாலம் கட்டினார்கள். லாரிகள் வந்தன, பட்டறை திறந்தது. பூங்காவனம் மட்டும் திரும்பவில்லை. மாதச் சம்பளம் பழகிவிட்டதாம். வேம்புலியம்மாள் இன்றும் தனியாகத்தான் அரைக்கிறாள்.

சிரிக்கிறீர்கள். போன மே மாதம் உங்கள் வீட்டில் ஊட்டிக்குப் போகலாம் என்று மைத்துனர் சொன்னார். நீங்களும் அதையேதான் நினைத்திருந்தீர்கள். அவர் முந்திக்கொண்டார் என்பதற்காகக் கொடைக்கானல் என்றீர்கள். கடைசியில் குடும்பமே அம்பத்தூர் வெயிலில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்கிறீர்களா?

சரி. உங்கள் ஆட்சேபணையைக் குறித்துக்கொண்டேன்.