மஞ்சள் டேக்கில் ஒரு கதாநாயகி

மலாக்கா மாநிலத்திலேயே தொழிற்சாலை டேக்குகளில் தொடர்கதை எழுதியவர் எங்கள் மஞ்சள் டேக் அக்கா ஒருவர்தான். இன்னொருவர் இருந்திருந்தால் அவருடைய தொழிற்சாலையை இந்நேரம் மூடியிருப்பார்கள்.

புக்கிட் ரம்பாயில் நாங்கள் பிளாஸ்டிக் மூடிகள் செய்தோம். நான் தரக்கட்டுப்பாடு, அக்கா பேக்கிங். சரக்கில் கட்டும் அட்டைதான் டேக்: நல்ல சரக்குக்குப் பச்சை, கழிவுக்குச் சிவப்பு, சந்தேகத்துக்கு மஞ்சள். மஞ்சள் தொங்கும் டிராலியை யோசிக்காமல் கம்பிக் கூண்டுக்குள் தள்ளிவிட வேண்டும். என் கையெழுத்து இல்லாமல் அது வெளியே வராது.

அக்காவின் கற்பனையும் இதே சட்டப்படி ஓடியது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், மூன்று பிள்ளைகள், வாரப் பத்திரிகையில் தொடர்கதை. உட்கார்ந்து யோசிக்க ஏது நேரம்? கதை கழிப்பறை வரிசையில் வரும். கிளேபாங் கடற்கரையில் தேங்காய் ஷேக்குக்காக நிற்கும்போது வரும். வந்ததை டேக்கில் எழுதி இடுப்பில் ஒரு கம்பியில் கோத்துக்கொள்வார். முடிவான காட்சி பச்சை, வேண்டாதது சிவப்பு, குழப்பம் மஞ்சள். நடந்தால் சலசலப்பார்.

நானும் கதை எழுதுகிறவள்தான். என்னிடம் எக்செல் கோப்பு இருந்தது: பாத்திரம், இடம், திருப்பம், மனநிலை என்று பதினான்கு பத்திகள். கதை மட்டும் இல்லை.

டேக் கொடுத்தவள் நான். டேக்கின் அச்சுப் படிவம் மாறியபோது பழைய கட்டுகளை அழிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அழித்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்டேன். கட்டுகளை அக்காவிடம் நீட்டினேன். அன்றிலிருந்து தூக்கம் பாதியானது.

வாடிக்கையாளரின் ஆடிட்டர் தரம் சோதிக்க வரும் நாள், காலை எட்டு மணிக்கு அக்கா மூச்சு வாங்க ஓடி வந்தார்.

“தங்கச்சி, மாலதியைக் காணோம்லா!”

“எந்த மாலதி?”

“என் கதாநாயகி! சாகக் கிடக்கிறா, அநேகமா கொன்னுருவேன், இன்னும் முடிவு பண்ணல. மஞ்சள் டேக்கு எங்கயோ விழுந்துருச்சு. கடைசி அத்தியாயத்துக்குக் குறிப்பெல்லாம் அதுலதான். வெள்ளிக்கிழமை கொடுக்கணும்.”

“அக்கா, அது பழைய படிவம். ஆடிட்டர் கண்ணுல பட்டா என் வேலை போயிரும்!”

“உனக்கு இது போனா வேற வேலை. இவ செத்தா செத்ததுதான்.”

உடனே பட்டியல் போட்டேன்: பேக்கிங், கேன்டீன், கழிப்பறை, குப்பைத் தொட்டி. நான்கிலும் மாலதி இல்லை. கூண்டை நான் பட்டியலில் சேர்க்கவே இல்லை. எல்லாம் ஒழுங்காக இருக்கும் ஒரே இடம் அதுதானே!

பத்து மணிக்கு ஆடிட்டர் அந்தக் கூண்டின் முன்தான் நின்றார். டிராலி மேல் கிடந்த டேக்கைப் பார்த்த யாரோ ஒரு கடமை வீரர், அவிழ்ந்து விழுந்ததாக நினைத்து இறுகக் கட்டி, டிராலியை உள்ளே தள்ளியிருந்தார். குறையில்லாத ஆயிரக்கணக்கான மூடிகள் மாலதிக்காகச் சிறையிருந்தன.

தமிழ் தெரியாத அவர், டேக்கில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். கையெழுத்தில் வரும் பொய் எனக்கு வாயில் வராது. வரிக்கு வரி மொழிபெயர்த்தேன்: “நிலைமை மோசம். கண்காணிப்பில் இருக்கிறது. முடிவு எடுக்கவில்லை.”

அவர் முகம் மலர்ந்தது. முடிவெடுப்பது யார் என்றார்.

“நான்தான் சார்,” என்று அக்கா முன்னால் வந்தார். “வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிருவேன்.”

ஆடிட்டர் பாராட்டிக்கொண்டே டேக்கைத் தூக்கிப் பார்த்தார். கீழ்மூலையில் பழைய படிவ எண். இவற்றை அழித்ததாகக் கையெழுத்திட்டவர் யார்? என் கை தானாகவே உயர்ந்தது.

வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதமும், நான் எழுத வேண்டிய விளக்க அறிக்கையும் வந்தன. ‘மூல காரணம்’ என்ற கட்டத்தின் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மாலதி என்று எழுத முடியுமா? என் பெயரை எழுதினேன்.

கடைசி அத்தியாயம் வெளிவந்தது. மாலதி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள்.

“அக்கா, அவளைக் கொல்றதாத்தானே பேச்சு?”

“ஆமா. ஆனா அன்னைக்கு நீ கையைத் தூக்கிட்டு நின்ன பாரு, மூஞ்சில ரத்தமே இல்ல. ஒரே வாரத்துல ரெண்டு பேரைச் சாவடிக்க எனக்கு மனசு வரலைலா.”

அக்கா இப்போது லூபோக் சீனா என்ற பக்கத்து ஊரில், வேறு வேலையில் இருக்கிறார். என் எக்செல் கோப்பில் பதினைந்தாவதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன்: ‘அக்கா என்ன சொல்வார்?’ மற்றவை காலியாகக் கிடக்கும் நாளிலும் அது மட்டும் நிரம்பிவிடுகிறது.