பறக்கும் கொத்தனார், முதல் இதழ்

அண்ணன் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார்.

"ஒரே ஒரு கையெழுத்துண்ணே."

"எதுக்கு?"

"சும்மா. ஒரு நடைமுறை."

"சும்மான்னா நீயே போட்டுக்க வேண்டியதுதானே."

தம்பி படிவத்தைத் திருப்பிக் காட்டினான். ஏலக் கம்பெனியின் படிவம். இறந்தவரிடமிருந்து வந்த பொருளை விற்பதென்றால் மற்ற வாரிசுகள் தங்களுக்கு ஆட்சேபணை இல்லையென்று எழுதித் தர வேண்டும். அப்பாவுக்கு வாரிசுகள் இரண்டே பேர். ஒருவன் போட்டுவிட்டான். இன்னொருவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார்.

"அப்பா உனக்கு ஆசையா வாங்கித் தந்த புத்தகம்டா. எடுத்துப் பிரிச்சுப் படி."

"பிரிக்கறதா? பிரிச்சா அரை மார்க் போயிடும்."

"புத்தகத்துக்கு எவன்டா மார்க் போடறான்?"

பக்கத்தில் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

மார்க் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய காமிக்ஸ் புத்தகத்தை அனுப்பினால் கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு தாளாகப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று முடிவு செய்வார்கள். பிறகு அதைப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து ஒட்டி, உச்சியில் மார்க்கைப் போட்டுத் திருப்பித் தருவார்கள். பெட்டியை உடைத்தால் மார்க் செல்லாது. ஆகவே அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தை யாரும் படிக்க முடியாது. விலை அப்போதுதான் ஏற ஆரம்பிக்கும்.

தம்பியிடம் இருந்தது 'பறக்கும் கொத்தனார்' முதல் இதழ். அட்டையில் ஓர் ஆள் கையில் கரணையோடு ஊருக்கு மேலே பறந்துகொண்டிருந்தான். ரயில் நான்கு மணி நேரம் தாமதமான ஒரு நாளில், தம்பியின் அழுகையை நிறுத்த அப்பா வாங்கியது. இன்று உலகத்தில் மார்க் வாங்கிய பிரதிகள் ஏழுதான். அதில் உயர்ந்தது எட்டு மார்க். அந்த எட்டு மார்க் பிரதி பதினோரு வருடத்தில் மூன்று முறை ஏலத்துக்கு வந்தது. முதல் முறை ஒரு ஸ்கூட்டர் விலைக்குப் போனது. அடுத்த முறை ஒரு கார் விலைக்கு. போன வருடம் ஓர் அடுக்குமாடி வீட்டின் விலைக்கு.

தம்பி பல் செட் செய்கிறவன். ஊராரின் வாய் அச்சுகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஓர் அச்சு காய்வதற்குள் இரண்டு தடவை போனில் விலை பார்ப்பான். மனைவியின் பிறந்தநாளை மறந்திருக்கிறான். மூன்று ஏலங்களின் தேதியையும் மறந்ததில்லை.

தன் பிரதியை மட்டும் அவன் வெளியே எடுத்ததில்லை. பதினோரு வருடத்துக்கு முன்பு, முதல் ஏலச் செய்தி வந்த அன்று, அது கிடந்த பழைய பாலிதீன் உறையோடு அப்படியே தூக்கி இன்னோர் உறையில் போட்டான். அதை மூன்றாவது உறையில் போட்டான். அதற்குமேல் ஒரு தகர டப்பா. மூன்று உறைக்கும் வெளியிலிருந்தே பார்த்து அவனாக ஏழரை மார்க் போட்டு வைத்திருந்தான்.

"ஏழரை மட்டும் வேண்டாங்க," என்றாள் மனைவி. "ஏற்கெனவே நமக்கு அதுதான் நடக்குது."

அவள் சொன்னது வீட்டைப் பற்றி. அப்பா விட்டுப்போனது கீழ் வீடும் மேல் வீடும். கீழே அண்ணன், மேலே தம்பி. ஆனால் மாடிப்படி அண்ணனின் கூடத்துக்குள்ளிருந்து ஏறியது. பதினான்கு வருடமாக அவள் எங்கே போனாலும் வந்தாலும் மச்சினரின் டிவிக்குக் குறுக்கேதான் போய் வந்தாள். செருப்பு வாங்கினாலும் கீழ் வீட்டுக்குத் தெரியும். சண்டை போட்டாலும் தெரியும்.

"எனக்கு மாளிகை வேண்டாம். ஒரு தனி வாசல் போதும்," என்றாள்.

அந்தத் தனி வாசல் தகர டப்பாவில் இருந்தது. ஏலத்துக்குப் பொருள் எடுப்பது வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. படிவம் இல்லாமல் புத்தகத்தை மார்க்குக்கு அனுப்பவே மாட்டோம் என்று கம்பெனிக்காரி போனில் சொல்லிவிட்டாள்.

"நல்ல விலை போகும்னு தெரிஞ்சுபோச்சு அவருக்கு. அதான் முரண்டு பிடிக்கறார்," என்றான் தம்பி.

"மோட்டாருக்குக் காயில் கட்டறவருக்கு இந்த விலையெல்லாம் எப்படித் தெரியும்?"

"நான் பதினோரு வருஷமா ஏலச் செய்தியைப் படிக்கட்டுல உக்காந்து சத்தமா படிச்சிருக்கேனே. தொகையை மட்டும்தான் முழுங்கியிருக்கேன்."

மறுநாள் காலையில் ஸ்கூட்டர் சாவியோடு கீழே இறங்கினான்.

"நீங்க எவ்வளவு தூரம் நடந்து கடைக்குப் போறீங்க. எனக்கு மனசு கேக்கல. இதை வச்சுக்கங்கண்ணே."

"எனக்கு முட்டி மடங்காது. நீ எதுல வேலைக்குப் போவ?"

"நான் நடப்பேன்."

"நீ நடக்கற ஆளா? தெருமுனையில பால் வாங்க ஸ்கூட்டர் எடுப்ப."

சாவி மேஜைமேல் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் தம்பி மெல்லப் படிவத்தை வைத்தான். அண்ணன் இரண்டையும் சேர்த்து அவன் பக்கம் தள்ளினார்.

"அந்தப் புத்தகத்தை நம்பி எதுவும் பண்ணாதடா. சொன்னா கேளு."

"இப்படிச் சொன்னா என்ன அர்த்தம்?" என்று மாடியில் மனைவி கேட்டாள்.

"வாங்க நினைக்கறவன் சரக்கை மட்டமாத்தான் பேசுவான். ஸ்கூட்டர் போதலை."

அன்று மாலையே பாதி உண்மையைச் சொல்லிவிடுவதென்று தீர்மானித்தான். உண்மையில் பத்தில் ஒரு பங்கைச் சொன்னான். விலையைப் பத்தால் வகுத்து, கூச்சத்தோடு சொல்லி, போனில் எட்டு மார்க் பிரதியின் படத்தைக் காட்டினான்.

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வார்னிஷ் படிந்த விரல்களால் படத்தைப் பெரிதாக்கினார். கொத்தனாரின் முகம் வந்தது. கரணை வந்தது. நெடுநேரம் பார்த்தார்.

"இது இப்ப யார்கிட்ட இருக்கு?"

"யாரோ பணக்காரன்."

"பத்திரமா வச்சிருக்கானா?"

"பெட்டி போட்டு ஒட்டியிருக்குண்ணே. அணுகுண்டு போட்டாலும் ஒண்ணும் ஆகாது."

அண்ணன் போனைத் திருப்பிக் கொடுத்தார். "நம்மளது இந்த விலைக்கெல்லாம் போகாதுடா."

"பாதிப் பாதி எடுத்துக்கலாம்ணே."

"பாதி வேண்டாம்."

"அப்ப எவ்வளவு?"

"எதுவும் வேண்டாம். விட்டுடு."

அண்ணி மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தார். "சொல்லித் தொலைங்களேன். எத்தனை நாளைக்கு?"

"நீ சும்மா இரு."

"தொகையைத்தானே அண்ணி?" என்றான் தம்பி. "கூச்சப்படாமச் சொல்லச் சொல்லுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

அண்ணி எழுந்து உள்ளே போனார்.

மேலே போனதும் மனைவியிடம் சொன்னான். "பாதி வேண்டாமாம்."

"நல்ல மனுஷன்."

"பாதி வேண்டாம்னா முழுசும் வேணும்னு அர்த்தம்."

புதன்கிழமை மனைவி கடைத்தெருவிலிருந்து வேகமாக வந்தாள். கூடத்தைக் கடந்து, படியேறி, கதவைச் சாத்திய பிறகுதான் பேசினாள்.

"உங்க அண்ணன் பழைய புத்தகக் கடையில நிக்கறார்."

"சும்மா நின்னிருப்பார்."

"மறைஞ்சு நின்னு கேட்டேன். கொத்தனார் முதல் இதழ் எங்கயாவது கிடைக்குமா, என்ன விலை ஆகும்னு விசாரிக்கறார். கடைக்காரன் விலையைச் சொன்னதும் பக்கத்து ஸ்டூல்ல உக்காந்துட்டார்."

தம்பியும் உட்கார்ந்துவிட்டான்.

"பத்தில ஒரு பங்குன்னு சொன்னேனே," என்றான். "இப்ப நான் பொய்க்காரன்."

"நீங்க பொய்க்காரன்தான்."

"அவர் மட்டும்? வேண்டாம் வேண்டாம்னு சொல்லிட்டு ரகசியமா விலை விசாரிக்கறார். இவரா நல்ல மனுஷன்?"

அவளும் கண்ணால் பார்த்தவள்.

வியாழக்கிழமை தம்பி லீவு போட்டான். மனைவியிடம் வங்கிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பத்திரம் எழுதுகிறவரின் மேஜைக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். மேல் வீட்டில் தனக்குள்ள பங்கை அண்ணன் பேருக்கு விடுதலை செய்ய வேண்டும் என்றான்.

"பதிலுக்கு அவர் என்ன தர்றார்?"

"ஒண்ணும் இல்லை."

பத்திரக்காரர் பேனாவை எடுத்துவிட்டு அவனைப் பார்த்தார். "குடிச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"காரணம்னு ஒண்ணு எழுதணும். அன்பும் பாசமும்னு போட்டுடவா? எல்லாருக்கும் அதான் போடறது."

"போடுங்க."

"பதிவாயிட்டா திரும்ப வாங்க முடியாது. அவரா மனசு வச்சு எழுதித் தந்தாத்தான் உண்டு. தம்பிக்கு எழுதித் தந்த அண்ணனை என் சர்வீஸ்ல நான் பாத்ததில்ல."

தம்பி கணக்குப் போட்டிருந்தான். மேல் வீட்டைப் போல இரண்டு வீடு டப்பாவில் இருக்கிறது. ஒரு பழைய படிக்கட்டை விட்டெறிந்து ஒரு தனி வாசல் வாங்குகிறோம். அண்ணனின் வாயை இதைவிடப் பெரிய எதைப் போட்டும் அடைக்க முடியாது. மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டான். பதிவு ஆபீஸில் மூன்று விரல்களில் மை அப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் பத்திரத்தை அண்ணனின் முன்னால் வைத்தான். அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கடைசிவரை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"என்னடா இது?"

"மேல் வீடு. இனிமே உங்களுது."

"ஏன்டா?"

"நீங்க கேக்க மாட்டீங்க. நானே கொடுத்துட்டேன். இப்பப் போடுங்க."

மாடிப்படியில் மனைவி நின்றிருந்தாள். கையில் இருந்த வாளியை அடுத்த படியில் வைத்தாள். அது நிற்காமல் உருண்டு கூடத்துக்கு வந்து சேர்ந்தது.

"மேல் வீடா?" என்றாள்.

"ரெண்டு வீடு வாங்கலாம். நீ பேசாம இரு."

"பேசாம இருந்துதான் தெருவுக்கு வந்திருக்கேன்."

அண்ணனின் கை பத்திரத்தின்மேல் இருந்தது. "இதை ரத்து பண்ண முடியுமா? நான் வரேன், இப்பவே போலாம். கையோட எழுதித் தந்துடறேன்."

"நாடகம் போதும்ணே. கடைக்கடையா ஏறி விலை விசாரிச்சவர் நீங்க."

அண்ணன் சட்டென்று அண்ணியைப் பார்த்தார். அண்ணி தரையைப் பார்த்தார்.

"அது வேற விஷயம்டா."

"வேற என்ன விஷயம்? இந்த வீட்டுல அப்பா எனக்குன்னு வாங்கித் தந்தது அது ஒண்ணுதான். அது உங்களுக்குப் பொறுக்கல. ஸ்கூட்டரைக் கொடுத்தேன், பாதியைக் கொடுத்தேன், வீட்டையே கொடுத்தாச்சு. இன்னும் என்ன வேணும்? என் பல்லைக் கழட்டிக் கொடுக்கட்டுமா?"

"டேய்."

"போடலைன்னா இன்னையோட சரி. நீங்க யாரோ, நான் யாரோ. செத்தாலும் வர மாட்டேன்."

வாளி இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அண்ணி அதைக் காலால் நிறுத்தினார்.

அண்ணன் பேனா கேட்டார்.

தம்பி சட்டைப் பையிலிருந்து எடுத்து, மூடியைக் கழற்றி, கையில் கொடுத்தான். அண்ணன் பெயரை முழுதாக எழுதி, கீழே தேதி போட்டார். மோட்டார்க் கடையில் ரசீது போடுகிற அதே கையெழுத்து. கடைசி எழுத்து மட்டும் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு, செருப்பு மாட்டாமல் பின்கட்டுக்குப் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நெடுநேரம் ஓடியது.

தம்பி மை காயும்வரை படிவத்தை விரல் நுனியில் பிடித்திருந்தான். ஜெயித்த மாதிரித்தான் இருந்தது.

"அவரைத் தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி," என்றான். "பணம்னு வந்தா எல்லாரும் அப்படித்தான். வித்து வந்ததும் உங்களுக்கு ஒரு நல்ல சேலை எடுத்துத் தரேன்."

அண்ணி பின்கட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மேஜையிலிருந்த பத்திரத்தை எடுத்து, அன்பும் பாசமும் என்ற வரியில் விரலை வைத்துப் படித்தார். பிறகு அதை மடித்து, படிக்கட்டில் நின்றிருந்தவளின் கையில் கொடுத்தார்.

"இது உன்கிட்டயே இருக்கட்டும். அவர் திருப்பி எழுதித் தருவார், தெரியும். அதுவரைக்கும் வச்சிருக்க எனக்குத்தான் மனசு வரலை," என்று அவளிடம் சொல்லிவிட்டு, தம்பியின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உங்க அப்பா வாங்கின புத்தகத்தை வித்துத்தான் அவர் உங்களுக்குக் காலேஜ்ல முதல் வருஷ ஃபீஸ் கட்டினார்; மேல டப்பாவுல இருக்கறது, லீவுக்கு வந்து தேடினா நீங்க ஏமாந்துடக் கூடாதுன்னு அவர் வாங்கி வச்ச மறுபதிப்பு."