பூப்பொட்டலத்தின் மேல் ஒரு டிக்

பரமத்தி வேலூர்,
வெள்ளி இரவு

அன்புள்ள சௌமியா அக்காவுக்கு,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். போனில் பேசினால் பக்கத்து அறையில் மாமியாருக்குக் கேட்கும், அதனால்தான் இவ்வளவையும் வாட்ஸ்அப்பில் தட்டுகிறேன். மேட்டூரில் நீங்களும் மச்சானும் நலம்தானே? இங்கே நலம் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது. காரணம் நீங்கள்தான்.

"எழுத்து மெல்ல வரட்டும், முதல்ல குறிகளை வரையப் பழக்கு" என்று டிராயிங் டீச்சர் தோரணையில் சொன்னீர்களே, அதை நம்பி எல்.கே.ஜி. அறிவுமதிக்கு கிரேயான் வாங்கிக் கொடுத்து, உள்ளே இருப்பதை வெளியே சொல்லத்தான் குறி என்றும் விளக்கினேன். மறுநாளே நான் வைத்த ரசச்சட்டியில் மண்டை ஓடு, பாத்ரூம் கதவில் மீசை வைத்த ஆள். "ஏஞ்சாமி, அப்ப நா எங்க போறது?" என்று மாமியார் சிரித்தார்கள். சிரித்தது அதோடு சரி.

இன்று காலை, நாத்தனார் மைதிலிக்கு வந்திருக்கும் தம்மம்பட்டி வரனுக்காகக் கோயிலில் பூக் கேட்கப் போனோம். பூசாரி வெள்ளைப்பூவையும் சிவப்புப்பூவையும் தனித்தனித் தாளில் மடித்து அம்மன் காலடியில் வைத்தார். சின்னப்பிள்ளை அறிவுமதி வெள்ளையை எடுத்தால் சம்பந்தம், சிவப்பென்றால் வரனை மறந்துவிட வேண்டியதுதான். மைதிலிக்கோ பையனை ரொம்பப் பிடித்துவிட்டது. கற்பூரம் காட்டும்போது கண்ணை மூடி நின்றோமா, திறந்தால் அறிவுமதி ஒரு பொட்டலத்தை நீட்டுகிறாள், பிரித்தால் வெள்ளைப்பூ, மைதிலி அழுதேவிட்டாள், மாமனார் பையன் வீட்டுக்குப் போன் போடப் போனார், அப்போதுதான் மாமியார் தாளைத் திருப்பினார்கள். பச்சை கிரேயானில் ஒரு டிக். அம்மன் காலடியில் கிடந்த மற்றதில் சிவப்பாய்ப் பெருக்கல் குறி.

"ஏனம்மிணி, இது ஆத்தா சொன்னதா, உம்புள்ள சொன்னதா?"

"கொழந்த கையில கலரு இருந்தா கிறுக்கத்தானுங்க செய்யும்" என்றார் பூசாரி. "சொல்லிக்குடுத்தது ஆருங்கறதுதான் கேள்விங்க."

"எங்கம்மாதான்!" என்றது என் செல்வம், பெருமையாக.

நானும் மைதிலியும் சேர்ந்து செய்த சூழ்ச்சி, செல்லாது என்கிறார்கள் மாமியார். மறுபடி கேட்டால் ஆத்தாளுக்கு ஆகாது என்கிறார் மாமனார். இப்படியே போனால் வரன் கைநழுவிவிடும். மைதிலி சோற்றைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து, இன்னொரு தடவை பூக் கேட்டால் தப்பில்லை என்று இவர்களிடம் சொல்ல வேண்டும்.

மச்சானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உங்கள் தங்கை
தனப்பிரியா

பி.கு.: அனுப்பப் போகும் நேரத்தில் அறிவுமதி தண்ணீர் கேட்டு எழுந்தாள். "வெள்ளைப்பூ எதுலன்னு உனக்கு எப்படி சாமி தெரிஞ்சுது?" என்றேன். "உள்ள பூவாம்மா இருந்துச்சு? மடிக்கறப்ப நா ஆட்டுக்குட்டியப் பாத்துட்டு இருந்தேன். ரெண்டு பொட்டலம் இருந்துச்சு, ஒண்ணுக்கு டிக்கு, ஒண்ணுக்குத் தப்பு போட்டேன்" என்றுவிட்டுத் தூங்கிப்போனாள்.

அக்கா, அப்படியென்றால் வெள்ளையை எடுத்துக் கொடுத்தது ஆத்தாளேதான்! மறுபடி பூக் கேட்கச் சொல்லிவிடாதீர்கள், சிவப்பு வந்து தொலைக்கப் போகிறது. ஆனால் இதை நான் சொன்னால் மாமியார் நம்பமாட்டார்கள், டீச்சர் சொன்னால் நம்புவார்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.