வைப்பர் ஓடிய உப்புக் குவியல்

மரக்காணம்
2-11-2006

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. அசோகன் அவர்களுக்கு, கலியபெருமாள் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் அமுதவல்லியும் நலம். மழையும் நலம், ஒரு நாள் தவறாமல் வந்து விசாரித்துவிட்டுப் போகிறது. வானூரில் தாங்களும் சம்பந்தியம்மாளும் நலமாக இருப்பீர்கள் என்பது தங்கள் கடிதத்தின் வேகத்திலிருந்து தெரிந்தது.

கடிதம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். முப்பத்துமூன்று வருடம் ஆபீஸில் கோப்பு பார்த்தவர் கேள்விகளுக்கு எண் போடாமல் எழுதமாட்டார் என்பது எனக்குத் தெரியும். முதல் கேள்வி, தலைதீபாவளிக்கு வந்த தங்கள் ஒரே மகனை வீட்டில் வைக்காமல் உப்பளத்தில் ஒரு காருக்குள் வைத்தது உண்மையா. இரண்டாவது, பொழுது விடிந்த பிறகு அவரை உப்புத் தண்ணீரில் குளிப்பாட்டினீர்களா. மூன்றாவது, தங்கள் பக்கத்து வீட்டு அர்ச்சுனன் புதுச்சேரி பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்த்த, வைப்பர் ஓடிக்கொண்டிருந்த உப்புக் குவியல் என்பது யாது. திருப்தியான விளக்கம் வராவிட்டால் கார்த்திகைக்கு எங்கள் வாசல் மிதிக்கமாட்டேன் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்த நாள் முதல் அமுதவல்லி அகல்விளக்குகளைக் கழுவாமல் அப்படியே கூடையில் வைத்திருக்கிறாள். சம்பந்தி வராத கார்த்திகைக்கு எதற்கு விளக்கு என்கிறாள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாப்பிள்ளை தமிழ்வேந்தன் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கம்பெனி சென்னையில் இருந்தாலும் அதன் கடிகாரம் அமெரிக்காவில் இருக்கிறது என்பது தங்களுக்குத் தெரியும். லீவு கொடுத்தார்கள், ஆனால் சனிக்கிழமை காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை எங்கே இருந்தாலும் இணையத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். நமக்குத் தீபாவளி விடியும்போது அவர்களுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலமாம். அதாவது அங்கே நரகாசுரன் இன்னும் உயிரோடு இருந்தான். எங்கள் வீட்டு டெலிபோனோ முதல் மழையிலேயே ஊமையாகிவிட்டது. மாப்பிள்ளை அமெரிக்கா போயிருந்தபோது வாங்கிய ரவுட்டர் என்னும் பெட்டியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். நத்தைக்குக் கொம்பு முளைத்ததுபோல் இரண்டு ஏரியல். அதன் விலாவில் டெலிபோன் கம்பெனி கார்டு ஒன்றைச் செருகினால் ஆகாயத்திலிருந்து இணையத்தை வாங்கி, கம்பி இல்லாமல் சுற்றிலும் பந்தி பரிமாறுமாம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் நேரே கார்டைச் செருகக் கூடாது என்று கம்பெனி உத்தரவு இருப்பதால் இந்தப் பெட்டி வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் வந்தவர் சாப்பாட்டுக்குக்கூட உட்காராமல் மாடி, கிணற்றடி, மாட்டுக்கொட்டகை என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுற்றினார். மாட்டுக்கொட்டகையில் பெட்டியின் ஒரு விளக்கு எரிந்து உடனே அணைந்தது. கடைசியில் அவரையும் பெட்டியையும் என் அம்பாசிடரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். இரண்டு கிலோமீட்டர் தள்ளி, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய உப்பளக் கரைக்குப் போனதும் எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தன. அங்கே டவரை மறைக்க எதுவும் முளைப்பதில்லை. ஆகவே தங்கள் மகனை வீட்டைவிட்டு வெளியேற்றியது நான் அல்ல, டவர்.

பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். பஸ் ஸ்டாண்டு எலெக்ட்ரீஷியன் அரை மணி நேரம் டாஷ்போர்டுக்குள் தலையை விட்டிருந்துவிட்டு வெளியே வந்து, எல்லாம் சரியாயிடுச்சி, ஆனா நெட் வேணும்னா வைப்பர் ஓடும், வைப்பர நிறுத்தினா நெட்டும் நின்னுடும், ரெண்டும் ஒரே வயர்ல போவுது என்றார். மழைக்காலம்தானே என்று நானும் ஒப்புக்கொண்டேன். அன்று சாயங்காலத்துக்குள் மழையில்லாத நேரத்தில் என் வைப்பர் ஓடினால் இணையம் ஓடுகிறது என்று மரக்காணம் முழுக்கத் தெரிந்துவிட்டது என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

அடுத்தது பாதுகாப்பு. அந்த இணைப்பில் மாப்பிள்ளையைத் தவிர வேறொருவர் நுழைந்ததாக அமெரிக்காவுக்குத் தெரிந்தால், அவர் அந்த நிமிடமே சென்னைக்குத் திரும்பி ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். அதாவது தலையில் எண்ணெய் வைப்பதற்கு முன்பே தலைதீபாவளி முடிந்துபோகும். இதைக் கேட்டதும் அமுதவல்லி சாமி அறைக்குப் போய்விட்டாள். நான் கவலைப்படாதீர்கள், காவல் என் பொறுப்பு என்றேன். உப்புக் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் எடையும் காவலும் பார்த்தவன் சம்பந்தி. பெட்டியை டாஷ்போர்டின் கீழே இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்தேன். சைக்கிள் செயின் சுற்றி இரண்டு பூட்டுப் போட்டேன். சாவியை அரைஞாணில் கட்டினேன். பிறகு, மழைக்காலத்தில் உப்புக் குவியல்களைக் கீற்று வேய்ந்து மூடி வைப்பது தாங்கள் அறிந்ததே, அதே மாதிரி காரையும் கீற்றால் வேய்ந்து இரண்டு குவியல்களுக்கு நடுவில் மூன்றாவது குவியலாக நிறுத்திவிட்டேன். வைப்பர் ஓட இடம் வேண்டுமே என்று முன்கண்ணாடியை மட்டும் மூடாமல் விட்டேன். தங்கள் மூன்றாவது கேள்விக்கு இதுவே விடை. குவியல்களைப் பார்த்துக்கொள்கிற ஆராயி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னா மேஸ்திரி, மாப்பிள்ளைய உப்பு போட்டு ஊற வைக்கிறியா?" என்று கேட்டாள். வேறு யாரும் அவமரியாதையாக எதுவும் சொல்லவில்லை.

நான் பூட்டி முடிக்கும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார். "மாமா, திருடுறவன் வண்டிய தொடவே மாட்டான். ரோட்டோரமா நின்னுட்டே எடுத்துட்டு போயிடுவான்." தொடாமல் எடுக்கிற வித்தை ஆபீஸ்களில் மட்டும்தான் உண்டு என்று நினைத்திருந்தேன். எந்த ஆபீஸ் என்று நான் சொல்லவில்லை. அவர் விளக்கினார். பெட்டிக்குள் நுழைந்து அதன் உத்தரவுகளை மாற்ற ஒரு கடவுச்சொல், பெட்டி வழியாக இணையத்துக்குப் போக இன்னொன்று. முதலாவது தொழிற்சாலையிலிருந்து வரும்போதே உலகத்துக்கெல்லாம் ஒரே சொல்லாக வருவதால் அதைத்தான் எல்லாவற்றுக்கும் முன் மாற்ற வேண்டுமாம், மாற்றினார். பிறகு இணைப்புக்கு ஒரு பெயர் கேட்டார். அது அக்கம்பக்கத்தில் இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டரிலும் தெரியும் என்றார். நாலு பேர் பார்க்கிற இடம் என்றதும் நான் எங்கள் வீட்டு கேட்டில் எழுதியிருப்பதையே சொன்னேன். அப்படியாக எங்கள் காவலுக்கு 'நல்வரவு' என்று பெயர் அமைந்தது.

இரண்டாவது கடவுச்சொல்லுக்கு, உங்க வீட்ல யாரும் வாயால சொல்லாத வார்த்தையா ஒண்ணு குடுங்க மாமா என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் அமுதவல்லி என் பெயரை ஒரு தடவைகூட உச்சரித்ததில்லை. சென்சஸுக்கு வந்தவர் குடும்பத் தலைவர் பெயர் கேட்டபோது பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தவள். மகள் தமிழ்நிலாவுக்கு நான் அப்பா, மாப்பிள்ளைக்கு மாமா. இந்த ஊரில் என் பெயர் புழங்காத ஒரே இடம் என் வீடுதான். அடித்துக் கேட்டாலும் அமுதவல்லி வாயிலிருந்து வராத சொல் என்பதால் மாப்பிள்ளையே அசந்துபோய், சூப்பர் மாமா என்று என் பெயரைத் தட்டிப் போட்டார். அன்று சாயங்காலம் வீட்டில் எல்லோருக்கும் விஷயத்தைச் சொல்லி, யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று கட்டளையும் இட்டேன்.

தீபாவளியன்று ஐந்து மணிக்கு மாப்பிள்ளையும் நானும் காரில் இருந்தோம். இன்ஜின் ஓடியது, வைப்பர் ஓடியது, அமெரிக்காவும் ஓடியது. அமுதவல்லி வீட்டில் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தாள், இடையில் கால் மணி நேரம் கிடைத்தாலும் மாப்பிள்ளைக்கு எண்ணெய் வைத்துவிடலாம் என்று. ஆனால் அமெரிக்கா ஒரு நிமிடம்கூட விடவில்லை. ஆறரை ஆயிற்று, ஏழு ஆயிற்று. பட்டாசுச் சத்தம் ஊரிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளையின் தலை காய்ந்தே இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் நான் பட்ட பாட்டை எழுத்தில் கொண்டுவர முடியாது. அப்போது அவர் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, "மாமா, யாரோ உள்ள வந்துருக்காங்க" என்றார். நான் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தேன். அங்கே எண்ணெய்க் கிண்ணமும் சீயக்காயும்தான் இருந்தன. "வண்டிக்குள்ள இல்ல மாமா, நெட்டுக்குள்ள" என்றார். நான் பூட்டை இழுத்துப் பார்த்தேன். பூட்டு பூட்டினபடியே இருந்தது.

இறங்கிச் சுற்றி வந்தேன். பக்கத்துக் குவியலின் மறுபுறத்தில் ஒரு ஆட்டோ நின்றது. உள்ளே ஷஃபி, மடியில் கம்ப்யூட்டர். பஸ் ஸ்டாண்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறானே, அவன். அவன் பக்கத்தில் அக்கா ஷம்சாத், பிறந்து நாற்பது நாளான குழந்தையை ஒரு சின்னக் கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் ஷார்ஜாவில் இருக்கிறார், பெருநாளுக்கும் லீவு இல்லை, பிள்ளை முகத்தை இன்னும் பார்க்கவில்லை. நோன்பு தொடங்கும் முன் சாப்பிடும் சஹரை முடித்து, வேலைக்குப் பஸ் ஏறுவதற்கு முன் அவருக்குக் கிடைப்பது அரை மணி நேரம். ஷஃபியின் சென்டரில் மழையால் லைன் செத்து ஒரு வாரம் ஆகிறது. மழையில்லாமல் வைப்பர் ஓடுவதை ரோட்டிலிருந்து பார்த்திருக்கிறான்.

"ஏம்பா ஷஃபி, பாஸ்வேர்டு யாரு குடுத்தா?"

"பெரிம்மாதான் பெரிப்பா. வூட்டுக்குப் போய் கேட்டேன். சொல்லல. முந்தானைய வாய்ல வச்சிக்கினு திரும்பிக்கினாங்க. அத்த நான் எப்படிப்பா வாயால சொல்லுவேன்னாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா பெரிப்பா, உங்க பேர போட்டேன். மொத தடவயே தொறந்துக்கிச்சி."

சம்பந்தி, அமுதவல்லியின் மேல் தவறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டளைப்படி அவள் ஒரு எழுத்தைக்கூடச் சொல்லவில்லை. வேறெந்தச் சொல்லாக இருந்தாலும் தெரியாது என்று முகத்தை நிமிர்த்திப் பொய் சொல்லியிருப்பாள்.

அதற்குள் மாப்பிள்ளையும் வந்துவிட்டார். திரையில் ஷார்ஜாக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். லைனை இரண்டு பேர் பங்கிட்டதால் அது எங்களுக்குத் தவணை முறையில் வந்து சேர்ந்தது. கை கண்ணருகே போய் நின்றது, கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணீர் இல்லாமல் கன்னம் தெரிந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் இவர்களை வெளியே தள்ளிவிடலாம் என்பது மாப்பிள்ளைக்குத் தெரியும். ஷம்சாத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும், குழந்தையை இறக்காமலே எங்களைப் பார்த்தாள். மாப்பிள்ளை காருக்குத் திரும்பினார். அமெரிக்காவிடம், இங்கே பலத்த மழை, லைன் நிற்கவில்லை, அரை மணியில் வருகிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மூடினார். வானம் வெளுத்திருந்தது. ஆனால் வைப்பர் ஓடிக்கொண்டிருந்ததால் அதை முழுப் பொய் என்று நான் ஏற்கமாட்டேன்.

"மாமா, அரை மணி நேரம் இருக்குது. எண்ணெ வைங்க" என்றார்.

ஷஃபியின் ஆட்டோக்காரரையே வீட்டுக்கு விரட்டினேன், ஷஃபியும் அக்காவும் கரையில் இறங்கி உட்கார்ந்துகொண்டார்கள். அமுதவல்லி வெந்நீர் அண்டாவோடும் புதுவேட்டியோடும் மகளோடும் வந்து இறங்கினாள். மூன்று சொட்டு எண்ணெயை மாப்பிள்ளை தலையில் வைத்தாள். ஆகவே இரண்டாவது கேள்விக்கு விடை: தண்ணீர் எங்கள் கிணற்று நல்ல தண்ணீர், இடம் மட்டுமே உப்பளம். பொழுது விடிந்த பிறகு என்கிறீர்கள். மாப்பிள்ளை அன்று அமெரிக்க நேரத்தில் பணியில் இருந்தார், அந்த நேரப்படி சூரிய உதயத்துக்கு இன்னும் பல மணி நேரம் இருந்தது. ஷார்ஜாவிலிருந்தும் ஒருவர் பார்த்து வாழ்த்தினார். இத்தனை நாடுகள் கலந்துகொண்ட தலைதீபாவளி வானூர் தாலுகாவில் நடந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். துண்டோடு அவர் நின்ற அந்த ஒரு நிமிடத்தில்தான் அர்ச்சுனனின் பஸ் போயிருக்கிறது. கை காட்டியிருந்தால் லட்டு கொடுத்திருப்பேன்.

காரை அன்றே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். பெட்டி காரிலேயே இருக்கிறது, கார்த்திகைக்கு மாப்பிள்ளை வரும்போது வேண்டியிருக்கும். இனி அதில் யாரும் நுழைய முடியாது. ஊருக்குப் போகும் முன் மாப்பிள்ளை புதிய கடவுச்சொல் வைத்துவிட்டார். மரக்காணத்தில் யாருக்கும் எட்டாத சொல், அமுதவல்லியும் சாதாரணமாகச் சொல்லக்கூடிய சொல், அதனால் அவள் முகத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. அது என்ன என்று தங்களுக்குக்கூட எழுதமாட்டேன், கோபிக்க வேண்டாம். விளக்கம் திருப்தி அளித்தால் ஒரு கார்டு போடுங்கள், அமுதவல்லி அகல்களைக் கழுவத் தொடங்குவாள். சம்பந்தியம்மாளுக்கு எங்கள் இருவரின் வணக்கம். தாங்கள் வரும் நாளில் தங்கள் காலடி பட்டு எங்கள் வாசல் நிறைய வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
கலியபெருமாள்

பி.கு.: காரை அன்றே கொண்டுவந்துவிட்டோம் என்று மேலே எழுதியது, இந்தக் கடிதம் தங்களுக்குக் கிடைப்பதற்குள் வந்துவிடும் என்ற நம்பிக்கையில். கரை மழையில் கரைந்து நான்கு சக்கரமும் சேற்றில் இருக்கின்றன. ஆராயி தினமும் கீற்றை மாற்றிப் போடுகிறாள். இன்னொன்று. செவ்வாய்க்கிழமை மதியம் சம்பந்தியம்மாள் என் செல்போனுக்குப் பேசி, புதிய கடவுச்சொல் என்ன என்று ஆசையாகக் கேட்டார்களாம். சொந்த சம்பந்தியிடம் எதற்கு மறைப்பு என்று அமுதவல்லி பட்டென்று சொல்லிவிட்டாள். அந்தப் பக்கத்தில் ஐயையோ என்று போனை வைத்துவிட்டார்களாம். அன்றிலிருந்து சம்பந்தியம்மாள் தங்களைப் பார்க்கும்போதெல்லாம் முந்தானையை வாயில் வைத்துத் திரும்பிக்கொண்டால் வேறுவிதமாக நினைக்க வேண்டாம். தயவுசெய்து அந்த நேரத்தில் அர்ச்சுனன் மட்டும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.