பெரணி பிடுங்கிய சித்தப்பாவின் விண்ணப்பம்

ரந்தாவ் ரப்பர் தோட்டம், ஞாயிறு

அன்புள்ள அண்ணன் மகள் ஷாமினிக்கு, சித்தப்பா அங்கமுத்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தி பஞ்சாலையும் உடம்புக்கு நலம். வெளியே முகம் காட்டத்தான் முடியவில்லை. ஆறு நாளாக நீ போனை எடுக்காததால் தபாலில் வருகிறேன்.

தோட்டத்தின் பழைய களைமருந்து ஸ்டோருக்குப் பின்னால் நீ ஆராய்ச்சிக்காகச் செடி வளர்ப்பதும், அது மண்ணிலிருக்கும் விஷத்தை உறிஞ்சுவதும், மண் சுத்தமானால் பாலர் பள்ளிப் பிள்ளைகள் அங்கே விளையாடலாம் என்பதும் எனக்குத் தெரியும். பினாங்குக்குப் புறப்படும்போது "பாத்துக்குங்க சித்தப்பா" என்று என்னிடம்தான் ஒப்படைத்தாய். யாரும் தொடக்கூடாது என்ற பலகை காவல்காரனுக்குப் பொருந்தாது என்று நினைத்துவிட்டேன். திங்கட்கிழமை உன் பேராசிரியை நீலாவதி வருகிறார் என்றதும் போய்ப் பார்த்தால், செடியைக் காணோம், இடுப்பளவுக்குப் பெரணிதான் நிற்கிறது. நீ செடி என்றாய், பெரணி என்று சொல்லவில்லையே அம்மா. முப்பத்தைந்து வருடம் களைக்கு மருந்தடிக்கிற கும்பலை மேய்க்கும் மண்டோராக இருந்தவன் நான். ரப்பர் நிரையில் ஒரு பெரணி தலைகாட்டினாலும் துரை கூப்பிட்டுத் திட்டுவார். எனக்குப் பெரணி என்றைக்குமே செடி இல்லை. களை மூடி உன் செடி செத்துப்போச்சு, வர்றவங்க நம்ம குடும்பத்தப் பத்தி என்ன நினைப்பாங்க என்று பதறி, அத்தனையையும் பிடுங்கி, வரிசையாகச் செண்டுமல்லி நட்டுவிட்டேன்.

பேராசிரியை வந்து, பெரணி எங்கே என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஒண்ணுகூட விடல டாக்டர்" என்றேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெயில் என்று நினைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தேன். பிறகுதான் அவர் சொன்னார், அது உன் இரண்டு வருடப் படிப்பு என்று. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கமாக இருக்கிறது ஷாமினி.

ஆனாலும் மனசை விடாதே. கையால்தான் பிடுங்கினேன், வேர் உள்ளேயே இருக்கிறது, ஒரு மழை பெய்தால் துளிர்த்துவிடும்.

மாரியம்மன் உன் கோபத்தைக் குறைத்து ஆயுளைக் கூட்டட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த சித்தப்பா

பின்குறிப்பு: இதைப் படித்த பஞ்சாலை, உண்மையை எழுதாமல் தபால்தலை ஒட்டமாட்டேன் என்கிறாள். கையால் பிடுங்கவில்லை. மருந்து அடித்தேன். துளிர்க்காது, செண்டுமல்லியும் கருகிவிட்டது. ஸ்டோரை மூடியபோது நான் வீட்டுக்குக் கொண்டுவந்த டின் அது, நீ மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டிருந்த அதே விஷம். இன்னும் பாதி இருக்கிறது. வரும்போது எடுத்துக்கொண்டு போம்மா. அது வீட்டில் இருந்தால் என் கை சும்மா இருக்காது.