சத்தம் போடும் கார் எனக்கு வேண்டாம்

சேத்தூர்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி வேல்சாமிக்கு அக்கா வெங்கடேஸ்வரி எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஆடும் கோழியும் சுகம், என் முழங்கால் மட்டும் சுகமில்லை. சென்னையில் நீயும் காளீஸ்வரியும் பிள்ளைகளும் நல்லபடியாக இருக்க நம்ம அய்யனார் பார்த்துக்கொள்வார். போனில் சொன்னால் நடுவில் பாய்வாய், அதனால் எழுதுகிறேன். முழுசும் படி.

உன் மச்சான் போய்ச் சேர்ந்து, வருகிற மாசத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. "அந்தப் பழைய வேனைத் தள்ளிவிடுக்கா, கிளட்ச்ச மிதிச்சு மிதிச்சுத்தான் உனக்கு முழங்கால் போச்சு. கிளட்ச் இல்லாத எஸ்.யூ.வி. ஒண்ணு வாங்கு, பணம் நான் அனுப்புதேன்" என்றாய். சரி, தம்பி ஆசையாகச் சொல்கிறானே என்று ராஜபாளையம் போனேன். முதல் கடையில் காட்டிய வண்டி மாடிவீட்டு உயரம். நான் ஏற முடியாமல் நின்றதைப் பார்த்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்கள். "ஸ்டூலும் வண்டியோட வருமா?" என்று கேட்டேன். மேனேஜரிடம் கேட்டு வருகிறேன் என்று ஒருத்தர் உள்ளே போனார், நான் வெளியே வந்துவிட்டேன். அடுத்த கடையில் கூரையைத் திறந்து வானத்தைக் காட்டினார்கள். "ஆயுசு பூரா வெயில்லதான்யா நின்னேன், இப்பதான் கூரைக்குள்ள உக்கார வந்திருக்கேன், மூடுங்க" என்றேன்.

மூன்றாவது கடையில் ராம்கி என்று ஒருவன். கதவைத் திறந்தான், கட்டிலில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தேன், காலை உள்ளே இழுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். குனியவும் இல்லை, ஏறவும் இல்லை. பெட்ரோலும் கம்மியாகத்தான் குடிக்குமாம். "ஓட்டிப் பாருங்கம்மா" என்றான். சும்மா தெருவைச் சுற்றுவானேன்? வருஷத் தெவசத்துக்காக உன் மச்சான் படத்தை ஸ்ரீவில்லிபுத்தூரில் கண்ணாடி போடக் கொடுத்திருந்தேன். அதை வாங்கிவரலாம் என்று நேரே அங்கே விட்டேன். ராம்கி பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தான்.

தேக்குச் சட்டம், தடிக் கண்ணாடி, அம்மிக்கல் கனம். உன் மச்சான் என்றைக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தார்? ராம்கியைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு இடது பக்கம் முன்சீட்டில் அவியளை வைத்தேன். வண்டி நகர்ந்ததும் கத்த ஆரம்பித்தது பாரு, பீப், பீப், பீப்.

"என்னலே இது?"

"முன்சீட்டுல ஆள் இருக்குன்னு வண்டி நெனைக்கும்மா. பெல்ட் போடணும்."

"ஆள்தாம்லே இருக்காவ. போட்டுவிடு."

போட்டுவிட்டான். உயிரோடு இருந்தவரை, போலீசைக் கண்டால் துண்டைக் குறுக்கே போட்டு பெல்ட் என்று காட்டின மனுஷன்!

அதோடு விட்டதா? எண்பதைத் தொட்டால் பீப். பின்னால் எடுத்தால் ஒரே அழுகை. உன் மச்சானோடும் இதே பாடுதான். கண்ணில் புரை விழுந்து ஸ்டியரிங்கை என்னிடம் கொடுத்தாரே தவிர, வாயைக் கொடுக்கவில்லை. "பிரேக்கு, பிரேக்கு! ஏட்டி, ஆடு வருது! எறக்கத்துல ஆஃப் பண்ணு, பெட்ரோலு என்ன ஊத்துலயா வருது?" அம்புட்டையும் கேட்டு முடித்தாச்சு. இப்போதுதான் காது ஓய்ந்திருக்கிறது. காசு கொடுத்து இன்னொரு சத்தம் வாங்குவேனா? ஆகையால் தம்பி, வேனே எனக்குப் போதும். பணம் அனுப்பாதே. இதற்குமேல் இந்தப் பேச்சை எடுத்தால் எனக்குக் கோபம் வரும்.

தெவசத்துக்குக் குடும்பத்தோடு வா. பிள்ளைகளுக்குப் பால்கோவா வாங்கி வைத்திருப்பேன், எறும்புக்குத் தெரியும் முன்னே வந்து சேருங்கள். சின்னவன் நெற்றியில் என் பேர் சொல்லி விபூதி பூசிவிடு.

உன் அக்கா
வெங்கடேஸ்வரி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட இன்று வேனை எடுத்தேன். இடது பக்கம் அவிய துண்டு மட்டும் கிடந்தது. மெயின் ரோட்டில் ஏறும்போது ஒரு லாரி உரசுகிற மாதிரி வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பொறவு தபாலாபீசுக்குப் போகாமல் ராம்கியிடம் போய், அன்றைக்கு ஓட்டினதைவிடக் கூடுதலாகச் சத்தம் போடுகிற வண்டி இருக்கிறதா என்று கேட்டேன். அதிலேயே மேல் மாடல் இருக்கிறதாம். பக்கத்தில் ஆடு மாடு லாரி எது வந்தாலும் கத்துமாம். அதையே எடுத்துவைக்கச் சொல்லிவிட்டேன். பணத்தைக் கொஞ்சம் கூட்டி அனுப்பு.