ரைட் சொன்ன பயணி

அரசாங்கம் ஒரு கண்டக்டருக்கு ஓய்வு கொடுத்துவிடலாம். அவன் வாய்க்கு ஓய்வு கொடுப்பது பிரம்மாவாலும் ஆகாத காரியம். மரக்காணத்திலிருந்து பாண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஆயுசில் பாதியைப் படிக்கட்டிலேயே கழித்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

நான் ஓய்வு பெற்ற மறுவாரமே மகள் கோமதிக்கு வளைகாப்பு, பாண்டியில் சம்பந்தி வீட்டில். ராகுகாலத்துக்கு முன்னால் வளையல் போட்டாக வேண்டும். வளையல் எங்கள் வீட்டுச் சீர். என் பழைய பஸ்ஸிலேயே போவது, ஜன்னலோரம் சாதாரணப் பயணியாக உட்காருவது, வாயைத் திறப்பதில்லை என்று மனைவி விஜயாவிடம் சத்தியம் செய்தேன். "பாக்கலாம்" என்றாள். (என் வைராக்கியத்தின் மீது அவளுக்கு எப்போதுமே அவ்வளவு நம்பிக்கை.)

உப்பளங்களைத் தாண்டும்வரை ஜெயித்துக்கொண்டிருந்தேன். புதுக் கண்டக்டர் டிக்கெட் போட்டு முடிக்கத் தெரியாமல் திணறினார். பல்லைக் கடித்துக்கொண்டேன். படியில் ஒருவன் தொங்கினான். "உள்ள ஏறுப்பா" என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.

அனுமந்தையில் விஜயா எழுந்தாள். "பூவ மறந்துட்டேங்க. தோ, எதிர்லயே விக்குறாங்க. வண்டி போயிடாம பாத்துக்குங்க" என்று வளையல் பையோடு பின்படியில் இறங்கினாள். புளிசாதத் தூக்கு என் மடியில். அவளுடைய செல்போனும் என் சட்டைப் பையில்.

கண்டக்டர் முன்னால் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். மீன் கூடையோடு ஓர் அம்மா பின்னால் ஏறினார். கூடை உள்ளே வந்தது, கால் உள்ளே வந்தது, படி காலியானது. அவ்வளவுதான். என் கை ஜன்னலுக்கு வெளியே போய்த் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டியது. "போலாம்... ரைட்."

டிரைவர் ஏழுமலை என் குரலுக்கே வண்டி எடுத்துப் பழகியவர். யோசிப்பாரா, எடுத்தார். (நிஜத்தைச் சொன்னால், ஓய்வு பெற்றபின் நான் சந்தோஷமாக இருந்த முதல் நிமிஷம் அதுதான்.) காற்று சுகமாக அடித்தது. நன்றாக அனுபவித்துவிட்டுத்தான் பக்கத்து சீட்டைப் பார்த்தேன்.

"நிறுத்து, நிறுத்து" என்று கத்தினேன்.

"இன்னா பெரியவரே, நீங்களே ரைட் குடுத்துட்டு நீங்களே நிறுத்துன்றீங்க?" என்றார் கண்டக்டர்.

"என் சம்சாரத்த விட்டுட்டேன்பா."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஏழுமலை கண்ணாடியில் பார்த்தார். "அண்ணிய ரோட்ல நிக்க வச்சிட்டா ரைட் சொன்னீங்க, அண்ணே?"

சவுக்குத் தோப்போரம் இறக்கிவிட்டார்கள். எப்பாடுபட்டாவது அவளையும் வளையலையும் நேரத்துக்குள் கொண்டுசேர்ப்பது என்று தூக்கும் கையுமாக வந்த வழியே ஓடினேன். (ஓட்டம் என்று வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.) எதிரே ஓர் உப்பு லாரி வந்தது. முன் சீட்டில் விஜயா, தலை நிறையப் பூவோடு, நேராகப் பார்த்தபடி. கையைக் கையை ஆட்டினேன். லாரி நிற்கவில்லை.

அடுத்த பஸ்ஸைப் பிடித்து நான் சம்பந்தி வீடு போய்ச் சேர்ந்தபோது ராகுகாலம் பிறந்துவிட்டது. கோமதி இரண்டு கையிலும் வளையல் குலுங்க உட்கார்ந்திருந்தாள். அவமானமெல்லாம் மறந்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. விஜயா தூக்கை வாங்கிக்கொண்டு, சம்பந்தியம்மாளிடம் சாவகாசமாகச் சொன்னாள்:

"லாரிக்காரரு கேட்டாருங்க, ரோட்ல ஒருத்தர் கைய ஆட்டுறாரே, தெரிஞ்சவரான்னு. கண்டக்டரா இருந்தவரு, பழக்கத்துல ஆட்டுறாரு, நீ போப்பான்னுட்டேன்."

பேரன் இப்போது ஓடியாடுகிறான். குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும், விஜயா ஏறி உட்காரும்வரை என் வாயில் ஒரு வாழைப்பழம் இருந்தாக வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். உரித்துக் கொடுப்பது கோமதி. நான் தின்று முடிப்பதற்குள் அவள் அம்மா ஏறாவிட்டால், இரண்டாவது பழம் வரும்.